துபாய் விமானம் எப்போது கிளம்பும்?

வாசகர் கடிதம் (2021 ஜூலை, கொரோனா காலம்; பதிலும் அப்போது எழுதியது): "ஐயா, நான் ராமநாதபுரம் மாவட்டம். துபாயில் ஆறு வருஷமாக ஏசி மெக்கானிக் வேலை, சம்பளம் 1,800 திர்ஹம். தங்கச்சி கல்யாணத்துக்காக மார்ச் 10-ஆம் தேதி ஊருக்கு வந்தேன். ஏப்ரல் 28-க்கு ரிட்டர்ன் டிக்கெட் வைத்திருந்தேன், அதற்கு நாலு நாள் முன்னால் விமானத்தை நிறுத்திவிட்டார்கள். பத்து நாள்தான் என்றார்கள், மூன்று மாதம் ஆகப்போகிறது. கல்யாணக் கடன் நாலு லட்சம் நிற்கிறது. விசா அடுத்த ஜனவரி வரை இருக்கிறது, ஆனால் ஆறு மாதம் வெளியே இருந்தால் விசா செத்துவிடும் என்கிறார்கள். கம்பெனியில் ஆகஸ்டுக்குள் வா, இல்லாவிட்டால் வேறு ஆள் எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். மே 29 அன்று கோவிஷீல்டு முதல் ஊசி போட்டேன், இரண்டாவதுக்கு ஆகஸ்ட் 21 வரை பொறுக்கச் சொல்கிறார்கள். ஒரு ஏஜெண்ட் அர்மேனியா வழியாக அனுப்புகிறேன், 1,70,000 ரூபாய் கொடு என்கிறார். அம்மா தன் நகையை அடகு வைத்துத் தருகிறேன் என்கிறது. விமானம் எப்போது விடுவார்கள்? காத்திருக்கவா, அர்மேனியா போகவா? பெயர் போட வேண்டாம்."

தம்பி, இந்த வாரம் மட்டும் என்னிடம் இதே கேள்வியோடு வந்தவர்களை எண்ணி மாளாது. திருச்சியில் 22 வருஷமாக டிக்கெட் போட்டுக்கொண்டிருக்கிறேன், எனக்கும் தேதி தெரியாது. தேதி தெரியும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் அவர் ஒன்று துபாய் அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருக்க வேண்டும், இல்லை உங்களிடம் அட்வான்ஸ் வாங்கும் நோக்கத்தில் இருக்க வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் உங்களைப் போல நிறையப் பேர் தவறான செய்தியைப் படித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மாதக் கடைசி ஆனால் பேப்பரில் ஒரு தலைப்பு வரும், ‘சர்வதேச விமானத் தடை நீட்டிப்பு' என்று. இப்போது ஜூலை 31 வரை என்று போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் ஐயோ இன்னும் ஒரு மாதமா என்று நினைக்கிறீர்கள். அது நம் நாட்டுக் கதவு, தம்பி. அந்தக் கதவு 2020 மார்ச் 23-லிருந்து சாத்தியேதான் இருக்கிறது, மாதாமாதம் நீட்டிக்கொண்டே வருகிறார்கள். ஆனாலும் 2020 மே 7-லிருந்து, வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவர அரசாங்கம் விட்ட வந்தே பாரத் விமானங்கள் பறந்தன, அப்புறம் ஜூலையிலிருந்து ஒவ்வொரு நாட்டோடும் தனியாகப் பேசி ‘ஏர் பபிள்' என்று ஒரு ஏற்பாடு வந்தது. நீங்கள் மார்ச்சில் ஊருக்கு வந்ததே அந்தக் கதவு சாத்தியிருந்த காலத்தில்தான். ஆகவே அந்தத் தலைப்பை விட்டுத்தள்ளுங்கள். உங்களை நிறுத்தியிருப்பது துபாய் இருக்கும் நாடான அமீரகத்தின் கதவு. இரண்டாவது அலையில் இங்கே தொற்று எகிறியபோது ஏப்ரல் 24 நள்ளிரவோடு இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு மூடினார்கள், பத்து நாளில் பரிசீலிப்போம் என்றார்கள், பத்து நாள் முடிந்ததும் ‘மறு அறிவிப்பு வரும்வரை' என்று மாற்றிவிட்டார்கள்.

நீங்கள் கேட்ட எப்போதுக்குப் பதில் இந்த வார்த்தையில்தான் இருக்கிறது. அரசாங்கம் ஒரு தேதி சொன்னால் அது அதிகாரிகள் திரும்ப உட்கார்ந்து பேசப்போகும் நாள், அன்றைக்குத் திறப்பார்கள் என்று அர்த்தமில்லை. ‘அதுவரை மூடல்' என்று போட்டால் ‘அதற்கு மறுநாள் திறப்பு' என்று நாமாகப் படித்துக்கொள்கிறோம்.

அப்படியானால் விமான கம்பெனி வெப்சைட்டில் டிக்கெட் கிடைக்கிறதே, பணம் கட்டினால் பிஎன்ஆர் நம்பர்கூட வருகிறதே என்று கேட்பீர்கள். இது எங்கள் தொழில் ரகசியம் ஒன்றும் இல்லை, சொல்கிறேன். விமான கம்பெனிகள் பல மாதங்களுக்கு முன்பே கால அட்டவணையைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்துவிடும். விமானம் போகும் என்று அங்கே எழுதியிருக்காது, போகாது என்று இன்னும் எடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். அரசாங்கம் நீட்டித்தால் அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமாக எடுத்துக்கொண்டே வருவார்கள். ஜூன் கடைசி என்றார்கள், ஜூலை முதல் வாரம் என்றார்கள், அப்புறம் ஜூலை நடு என்றார்கள், ஒவ்வொரு தடவையும் டிக்கெட் விற்றது, ஒவ்வொரு தடவையும் ரத்தானது. பணம் திரும்ப வரும், ஆனால் எத்தனை நாளில் என்பது வேறு கதை. ஏஜெண்ட் மூலம் போட்டிருந்தால் இன்னும் ஒரு கை தாண்டி வர வேண்டும் (நானும் ஏஜெண்ட்தான், அதனால்தான் சொல்கிறேன்). உங்கள் ஏப்ரல் 28 டிக்கெட்டை ரீஃபண்ட் வாங்காமல் தேதி மாற்றும் நிலையில் வைத்திருக்க முடிகிறதா என்று கேளுங்கள். இப்போது புதிதாக எதுவும் போடாதீர்கள்.

ஜூன் மாதம் நடந்ததை மட்டும் கொஞ்சம் உன்னிப்பாகப் பாருங்கள், அதில் உங்களுக்குப் பாடம் இருக்கிறது. ஜூன் 19 அன்று துபாய் ஒரு அறிவிப்பு விட்டது: 23-ஆம் தேதியிலிருந்து இந்தியாவிலிருந்து வரலாம். செல்லுபடியாகும் ரெசிடென்ஸ் விசா இருக்க வேண்டும், அமீரகம் அங்கீகரித்த தடுப்பூசி இரண்டு டோஸ் போட்டிருக்க வேண்டும், 48 மணி நேரத்துக்குள் எடுத்த பிசிஆர் என்ற கொரோனா டெஸ்ட் வேண்டும், விமானம் ஏறுவதற்கு 4 மணி நேரத்துக்குள் விமான நிலையத்திலேயே ரேபிட் பிசிஆர் எடுக்க வேண்டும், இறங்கியதும் இன்னொரு பிசிஆர், ரிசல்ட் வரும்வரை தனிமை. எங்கள் கடையில் அன்றைக்குத் திருவிழாக் கூட்டம். ஆனால் விமானம் கிளம்பவில்லை. இங்கே விமான நிலையங்களில் அந்த ரேபிட் டெஸ்ட் வசதியே இல்லை, யாரை ஏற்றலாம் யாரை ஏற்றக்கூடாது என்று விமான கம்பெனிகளுக்கே தெளிவில்லை, நாலு நாளில் எல்லாம் அமுங்கிப்போய்விட்டது. எல்லோரும் ஏமாற்றிவிட்டார்கள் என்று திட்டினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. கதவு திறக்கும்போது எந்தச் சாவி கேட்பார்கள் என்று அவர்களே எழுதிக் காட்டிவிட்டார்கள். அந்தச் சாவி, அதாவது இரண்டு ஊசி, உங்களிடம் இல்லை என்பதுதான் இப்போது என் கவலை, விமானத்தைப் பற்றிக்கூட அல்ல.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மார்ச் 10-லிருந்து 180 நாள் என்றால் செப்டம்பர் 6. அதற்கு மேல் வெளியே இருந்தால் விசா தேதி மிச்சமிருந்தாலும் விதிப்படி செல்லாது. இரண்டாவது ஊசியை ஆகஸ்ட் 21-இல் போட்டு, அதற்குப் பிறகு 14 நாள் ஆகியிருக்க வேண்டும் என்று கேட்டால் செப்டம்பர் 4. மிச்சம் இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் டிக்கெட், டெஸ்ட், ரிசல்ட் எல்லாம் அமைய வேண்டும். ஆகாது தம்பி.

ஆகஸ்ட் 21 வரை நீங்கள் காத்திருக்கத் தேவையே இல்லை. 84 நாள் இடைவெளி ஊரில் இருப்பவர்களுக்கு. படிப்பு, வேலை, ஒலிம்பிக் என்று வெளிநாடு போகிறவர்கள் கோவிஷீல்டு இரண்டாவது டோஸை 28 நாள் கழிந்ததுமே போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய அரசு ஜூன் 7 அன்றே வழிமுறை வெளியிட்டுவிட்டது. உங்களுக்கு 28 நாள் ஜூன் 26-லேயே முடிந்துவிட்டது. மூன்று வாரத்தைச் சும்மா விட்டிருக்கிறீர்கள். அதற்கென மாவட்டத்துக்கு ஒரு அதிகாரியை நியமிக்க வேண்டும் என்பதும் அந்த வழிமுறையிலேயே இருக்கிறது. ராமநாதபுரத்தில் சுகாதாரப் பணிகள் துணை இயக்குநர் அலுவலகத்தில் போய்க் கேட்டால் எந்த முகாம் என்று சொல்வார்கள். பாஸ்போர்ட், விசா பக்கம், எமிரேட்ஸ் ஐடி, முதல் ஊசிச் சான்றிதழ், கம்பெனி கூப்பிட்டு அனுப்பிய மெசேஜ் இருந்தால் அதன் பிரிண்ட், எல்லாவற்றையும் இரண்டு நகலோடு எடுத்துக்கொண்டு போங்கள். ஊசி போடும் இடத்தில் இருக்கும் பெண்ணுக்கு இந்த விதி தெரியாமல் இருக்கலாம், அங்கே நின்று சண்டை போடாதீர்கள், அலுவலகத்திலிருந்து ஒரு போன் போட்டால் முடிந்துவிடும்.

அப்புறம் சான்றிதழில் பெயர். நம் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே உள்ள தலைவலி இது. ஆதாரில் எஸ். குமார் என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் குமார் செல்வம் என்று அப்பா பெயரோடு நீட்டி இருக்கும், ஊசிச் சான்றிதழில் ஆதார் பெயர் ஏறியிருக்கும். துபாய் இமிகிரேஷனில் இருப்பவருக்கு இனிஷியல் என்றால் என்னவென்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளத்தில் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்கவும் பெயரைத் திருத்தவும் வசதி வந்துவிட்டது, ஆனால் பெயரை ஒரு தடவைதான் திருத்த விடும். நெட் சென்டர் பையனிடம் போனைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.

(துபாயில் உங்களுக்கு இலவசமாகச் சினோஃபார்ம் தடுப்பூசி போட்டார்களே, அப்போது ஏன் போடவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது. தொழிலாளர் கேம்பில் பாதிப் பேர் பயந்துகொண்டு போடவில்லை என்று எனக்கும் தெரியும். போனது போகட்டும்.)

இப்போது அர்மேனியா. ஏஜெண்ட் சொல்வது பொய் இல்லை. இந்தியாவிலிருந்து நேராகத்தான் வரக்கூடாது, வேறொரு நாட்டில் 14 நாள் இருந்துவிட்டு வந்தால் வரலாம் என்பது ஏப்ரல் அறிவிப்பிலேயே உள்ள விதி. அந்த வழியில் போய்ச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சேராதவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதில் என் பங்கும் உண்டு. ஏப்ரல் 30 அன்று இரண்டு பேரைக் கொழும்பு வழியாக அனுப்பினேன். ஹோட்டலில் 14 நாள் இருந்துவிட்டு மே 14 அன்று துபாய் விமானம் ஏற வேண்டும். மே 12 அன்று அமீரகம் இலங்கை, நேபாளம், பாகிஸ்தான், பங்களாதேஷ் நாலையும் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. இரண்டே நாள். ஹோட்டல் காசு போச்சு, டிக்கெட் போச்சு, ஊர் திரும்ப விமானம் கிடைக்கவே இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. என் கமிஷனைத் திருப்பிக் கொடுத்தேன், அவர்கள் இழந்ததில் அது ஒரு மூலைக்குக்கூட வராது. ஒருவர் இன்றைக்கும் என்னோடு பேசுவதில்லை, அவர்மேல் தப்பும் இல்லை. அதே நேரத்தில் மாலத்தீவை நம்பியிருந்தவர்களுக்கு மே 13 அன்று அங்கேயே கதவு மூடியது, நம் பக்கத்து ஆட்களுக்கு இந்த ஜூலை 15-தான் திறந்திருக்கிறது.

இந்த மூன்றாவது நாட்டு வழியில் நீங்கள் ஒரு கதவை நம்பிப் போகவில்லை, மூன்றை நம்பிப் போகிறீர்கள்: அர்மேனியா உங்களை உள்ளே விட வேண்டும், 14 நாளும் அமீரகம் அர்மேனியாவைத் தடை செய்யாமல் இருக்க வேண்டும், கடைசியில் உங்கள் நுழைவு அனுமதிக்கு அமீரகம் பச்சைக்கொடி காட்ட வேண்டும். இடையில் ஒரு பிசிஆர் பாசிட்டிவ் வந்தால் பாஷை தெரியாத ஊரில் இன்னும் இரண்டு வாரம், அந்தச் செலவு 1,70,000-இல் சேர்த்தியா என்று ஏஜெண்டிடம் கேட்டுப் பாருங்கள், முகம் மாறும். திர்ஹம் இருபது ரூபாய் என்று வைத்தால் உங்கள் சம்பளம் 36,000. அதாவது கிட்டத்தட்ட ஐந்து மாதச் சம்பளத்தை, வேலை இருக்குமா என்று உறுதியாகத் தெரியாத இடத்துக்குப் போகக் கொடுக்கப்போகிறீர்கள், அதுவும் நாலு லட்சம் கடனுக்கு மேலே அம்மா நகையை வைத்து. என் பதில் இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான். பெரிய சம்பளக்காரர்கள் கம்பெனி செலவில் அந்த வழியில் போகிறார்கள், அவர்களுக்கு அது கட்டுப்படியாகும். உங்கள் கம்பெனி பாதிச் செலவையாவது ஏற்கும் என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் யோசிக்கலாம்.

கம்பெனி விஷயம்தான் நீங்கள் கடிதத்தில் ஒரு வரியில் தாண்டிப்போனது, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. ‘வேறு ஆள் எடுப்போம்' என்று சொன்னது யார்? ஃபோர்மேனா, மேனேஜரா, முதலாளியா? ஃபோர்மேன் சொன்னது என்றால் அது வெறும் பேச்சாக இருக்கலாம். கம்பெனியில் விசா வேலைகளைப் பார்க்கும் பி.ஆர்.ஓ.விடம் நேரடியாக வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள், வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், எழுத்தாக இருக்கட்டும்: என் விசா ஆக்டிவ்வாக இருக்கிறதா, எனக்குச் சம்பளமில்லா விடுப்பு என்று பதிவு செய்திருக்கிறீர்களா, செப்டம்பர் 6-க்கு மேல் போனால் நீங்கள் அனுமதிக்கு விண்ணப்பிப்பீர்களா. மரியாதையாகக் கேளுங்கள், வாரம் ஒரு தடவை ஒரு சலாம் போட்டு நினைவுபடுத்துங்கள். ஆறு வருஷம் வேலை தெரிந்த ஏசி மெக்கானிக்கை துபாயில் ஆகஸ்ட் வெயிலில் எந்த முதலாளியும் லேசில் கைவிடமாட்டான், இந்தியாவிலிருந்து புது ஆள் எடுத்தாலும் அவனும் இதே கதவுக்கு முன்னால்தானே நிற்க வேண்டும்.

ஒருவேளை கணக்கு முடித்துக்கொள் என்று அவர்களே சொன்னால் அவசரப்பட்டு ராஜினாமா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடாதீர்கள். அவர்கள் நீக்கினால் பணிக்கொடை முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். ஆறு வருஷத்துக்கு அது சின்னத் தொகை இல்லை.

விசா நிலவரத்தை நீங்களே பார்க்கவும் முடியும். விசா பக்கத்தில் ஃபைல் நம்பர் 201 என்று தொடங்கினால் துபாய் விசா, துபாய் குடியேற்றத் துறையான ஜி.டி.ஆர்.எஃப்.ஏ. தளத்தில் பார்க்க வேண்டும். 101 அபுதாபி, 301 ஷார்ஜா, இவை அமீரக மத்திய அரசின் ஐ.சி.ஏ. தளம். துபாயில் வேலை பார்த்தாலும் கம்பெனி ஷார்ஜாவில் பதிவாகியிருந்தால் விசா 301 ஆகத்தான் இருக்கும், அனுமதி கேட்கும் இடமே மாறிவிடும். ஜூன் 19 அறிவிப்பு துபாய் மட்டும் சொன்னது என்பதை இங்கே நினைவில் வையுங்கள், திறக்கும்போதும் ஒவ்வொரு எமிரேட்டும் (நம் மாநிலம் மாதிரி) ஒவ்வொரு விதமாகத் திறக்கலாம். 2020-இல் இப்படிச் சிக்கியவர்களுக்கு ஆறு மாத விதியில் அவகாசம் கொடுத்தார்கள். இந்தத் தடவையும் கொடுப்பார்கள் என்றுதான் நானும் நினைக்கிறேன், ஆனால் கொடுக்கமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

எப்போது திறக்கும் என்ற என் கணிப்பையும் கேட்டால் சொல்லத்தான் வேண்டும், இல்லையென்றால் விடமாட்டீர்கள். துபாயில் எக்ஸ்போ என்ற உலகக் கண்காட்சி அக்டோபர் 1 தொடங்குகிறது. போன வருஷம் நடக்க வேண்டியதை ஒத்திவைத்து வைத்திருக்கிறார்கள், உலகமே வர வேண்டும் என்று காத்திருக்கிறார்கள். மிச்ச ஐபிஎல் செப்டம்பர் 19-லிருந்து அங்கேதான், டி20 உலகக் கோப்பையும் நம் நாட்டிலிருந்து அங்கேயும் ஓமனுக்கும் போய்விட்டது. ஹோட்டல், டாக்சி, ஏசி எல்லாவற்றுக்கும் ஆள் இல்லாமல் இதை நடத்த முடியாது. ஆகவே எக்ஸ்போவுக்கு முன்னால் குடியிருப்பு விசா உள்ளவர்களுக்கு, அதிலும் இரண்டு ஊசி போட்டவர்களுக்கு, ஏதோ ஒரு வழி திறக்கும் என்பது என் எண்ணம். இது கணிப்புதான், இதை வைத்து வட்டிக்கு வாங்காதீர்கள். மூன்றாவது அலை ஒன்று வந்தால் நானும் இந்த எக்ஸ்போ கணக்கை எடுத்து மடித்து வைக்க வேண்டியதுதான்.

அர்மேனியாவை முழுக்க மறந்துவிடச் சொல்லவில்லை, அதற்கு ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 6-லிருந்து 14 நாள், டெஸ்டுக்கும் பயணத்துக்கும் மூன்று நாள் என்று பின்னால் எண்ணினால் ஆகஸ்ட் 20 வாக்கில் இங்கிருந்து கிளம்பியாக வேண்டும். ஆகவே ஆகஸ்ட் 15 வரை பொறுங்கள். அதற்குள் நேர்வழி திறந்தால் நல்லது. திறக்காமல், விசாவுக்கு அவகாசமும் வராமல், கம்பெனியும் வேலை உண்டு என்று எழுதிக் கொடுத்தால் அன்றைக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது அந்தப் பாதை என்ன நிலைமையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். கம்பெனி எழுதித் தரவில்லை என்றால் அர்மேனியாவுக்குப் போய் என்ன செய்யப்போகிறீர்கள்?

திறக்கும் நாளில் டிக்கெட் யானை விலை குதிரை விலை விற்கும், முதல் பத்து நாள் எப்போதும் அப்படித்தான். நகையைத் தொடாமல் அந்த ஒரு டிக்கெட்டுக்கான காசை மட்டும் சேர்த்து வையுங்கள், ராமநாதபுரத்தில் இந்த வெயிலுக்கு ஏசி சர்வீஸ் செய்ய ஆள் கிடைக்காமல் அலைகிறார்கள். ரேபிட் டெஸ்ட் வசதி உள்ள விமான நிலையத்திலிருந்துதான் முதலில் போக முடியும், கேரளாவில் கொச்சி மாதிரி இடங்கள் இதில் முந்திக்கொண்டுவிட்டன, அதனால் திருச்சியிலிருந்துதான் போவேன் என்று அடம் பிடிக்காதீர்கள். உங்கள் துபாய் சிம்முக்கு ரீசார்ஜ் போட்டு உயிரோடு வைத்திருங்கள், அது செத்தால் அங்குள்ள பேங்க் ஓடிபி எதுவும் வராது, அந்த நம்பரை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

ஊசிக்கு நாளைக்கே போய்விடுங்கள். புதன்கிழமை பக்ரீத், அலுவலகம் இருக்காது.